சேரிப் பிள்ளைகளின் நெஞ்சில் யார் ஸ்டெதாஸ்கோப் வைப்பது?

நாங்கள் வேலை செய்யும் சேரியில் ஒரு சிறுமிக்கு, நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியிலுள்ள வால்வு பிறவியிலேயே சுருங்கியிருந்தது. அது தெரியவந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அதுவரை பள்ளியில் அவளுக்குப் பெயர் 'சோம்பேறி'. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கியவளைப் பார்த்து, "இவங்க பிள்ளைங்களே இப்படித்தான்" என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இது தீராத நோயல்ல. சுருக்கம் லேசாக இருந்தால் அவ்வப்போது எக்கோ எடுத்துக் கண்காணித்தாலே போதும். அதிகமாக இருந்தால், தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் முனையிலுள்ள பலூனை விரித்து வால்வைத் திறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. 1982 முதல் இந்தச் சிகிச்சை இருக்கிறது. காலத்தில் சரிசெய்யப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். கடுமையான சுருக்கத்தை அப்படியே விட்டால் இதயத்தின் வலது கீழறை தடித்து, தளர்ந்து, கடைசியில் செயலிழக்கும்.

அப்படியென்றால் பிள்ளையின் ஆயுளை முடிவு செய்வது எது? நோய் மட்டுமல்ல, அது எப்போது கண்டுபிடிக்கப்படுகிறது என்பதும்தான்.

திட்டங்கள் இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் அங்கன்வாடி ஊருக்குள் இருக்கிறது. சேரிப் பிள்ளை அங்கே தயங்கித் தயங்கித்தான் போகிறது. குழு வந்த நாட்களில் எங்கள் சிறுமி பெற்றோருடன் செங்கல் சூளையில் இருந்தாள். வருமானச் சான்றிதழுக்கு அலைந்ததில் அவள் அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போனது.

பலூன் சிகிச்சை முடிந்து இன்று அவள் ஓடுகிறாள். அதோடு முடியவில்லை. வால்வில் கசிவு வரலாம், மறுபடி சுருங்கலாம். பெரியவளான பிறகும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணமும் கூலி இழப்பும் குடும்பத்தின் தலையில்தான்.

நாங்கள் கேட்பது இவைதான். மருத்துவக் குழு சேரிக்குள்ளும் செங்கல் சூளைக்கும் வரட்டும். பரிசோதனை நாளில் வராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்துத் தேடிப் போகட்டும். தொடர் பரிசோதனைக்குப் பயணச் செலவும் இழந்த கூலியும் கொடுக்கட்டும்.

மூச்சு வாங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லும் முன், ஆசிரியர்கள் அதன் சாதியைப் பார்க்காமல் உதட்டின் நிறத்தைப் பார்க்கட்டும்.