அட்வான்ஸும் தலையெழுத்தும்

நந்தனம், மயிலாப்பூர், அடையாறு முதலிய இடங்களில் வாடகை ஏற ஏற, அட்வான்ஸும் கூடவே ஏறுகிறது. பத்து மாத வாடகையைக் கேட்பது சென்னையின் வழக்கமாம்! 20,000 ரூபாய் வாடகைக்காரன் 2,00,000 ரூபாயை வட்டியின்றி வீட்டுக்காரரிடம் முடக்க வேண்டும். 2019-ல் அமுலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி மூன்று மாதத்துக்குமேல், அதாவது 60,000 ரூபாய்க்குமேல், வாங்கக்கூடாது. ஆனால் அச்சட்டமே, “வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி” என்று ஒரு வாலையும் வைத்திருக்கிறது. குடியிருக்க இடமில்லாதவன் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட மாட்டான்? அவன் சம்மதத்துக்கு என்ன யோக்கியதை உண்டு?

தோழர்களே! இதைத் தலையெழுத்தென்று சொல்லி அழுவதில் பயனில்லை. எழுதியது பிரமனல்ல, சட்டசபை. மனிதன் எழுதியதை மனிதனே அழிக்கலாம். ஆகவே அந்த வாலை அடியோடு நறுக்க வேண்டுமென்கிறோம்.