நாயை விரட்டினால் நோய் போகுமா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் விளையும் சிற்றூர்களுக்குச் சென்றால், நாய் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆட்டுப்பட்டிக்கும் களத்துமேட்டுக்கும் அதுவே காவல். நாய் என்றவுடன் நாம் அஞ்சுவது அதன் கடியையும் வெறிநோயையும்தான். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், பல்லுக்கு அஞ்சும் நாம் அதன் குருதியில் இருக்கக்கூடிய நுண்புழுவை எண்ணிப் பார்ப்பதில்லை.

டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ் என்பது நாயின் தோலுக்கு அடியில் வாழும் நூல் போன்ற ஒரு புழு. அதன் நுண்ணிய குஞ்சுகள் நாயின் குருதியில் உலவும். அக்குருதியைக் குடிக்கும் கொசுவின் உடலில் அவை ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்ந்து, அது அடுத்துக் கடிப்பவரின் உடலுக்குள் புகுகின்றன. மனித உடல் இப்புழுவுக்கு ஏற்ற இல்லம் அன்று. அங்கே அது பெரும்பாலும் இனம் பெருக்குவதில்லை. எனினும் தோலுக்கு அடியில் கட்டியாகத் திரளும். சிலருக்குக் கண்ணின் வெண்பகுதியில் நெளியும். மருத்துவர் அறுத்து அகற்றினால் குணமாகும். உயிரைப் பறிக்கும் நோய் அன்று என்பது ஆறுதல். ஆனால், புற்றுக்கட்டியோ என்று ஒரு குடும்பம் கலங்கி நிற்கும் நாட்களை யார் ஈடு செய்வது? கேரளத்திலும் இலங்கையிலும் இத்தகையோர் பலரை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

கொசுவும் புழுவும் புதுச்சேரிக்குப் புதியவை அல்ல. யானைக்கால் நோயால் நெடுங்காலம் வாடிய மண் இது. 1975இல் இங்கு நிறுவப்பட்ட நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் கொசு உற்பத்தியாகும் இடங்களையே ஒழிக்கும் பெருமுயற்சியை மேற்கொண்டது. இங்குள்ள யானைக்கால் புழு மனிதரிடம் மட்டுமே வாழ்வது. எனவே மனிதருக்கு மாத்திரை கொடுத்து, கொசுவையும் குறைத்தால் அதன் வழி அடைபடும். நாயிடம் வாழும் புழுவோ அப்படியன்று. நாம் விழுங்கும் மாத்திரை நாயின் உடலை எட்டுவதில்லை.

இதற்கு இலங்கை தரும் பாடம் பெரிது. யானைக்கால் நோய் அங்கு இனிப் பொதுச் சுகாதாரச் சிக்கல் அன்று என உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆயினும், மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட புரூகியா மலாயி என்னும் மற்றொரு யானைக்கால் புழு, அங்கு மனிதரிடமும் நாய், பூனைகளிடமும் மீண்டும் காணப்பட்டது. மனிதரை மட்டும் குணப்படுத்திவிட்டு, வாசலில் படுத்திருக்கும் உயிரை மறந்தால் வேலை பாதியிலேயே நிற்கும்.

அப்படியானால் நாய்களை ஒழித்துவிடலாமே என்பார் உண்டு. அது அறமும் அன்று, அறிவும் அன்று. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்தவரை இறைவன் மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) எடுத்துரைத்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். நாய் இந்நோயை விரும்பிச் சுமக்கவில்லை. அதுவும் கொசுவிடம் கடிபட்ட நோயாளியே. ஒரு நாயை விரட்டினால் அதன் இடத்துக்கு இன்னொன்று வரும். கொசு மட்டும் அங்கேயே இருக்கும்.

செய்ய வேண்டியவை எளியவை. நாய் வளர்ப்போர் வெறிநோய்த் தடுப்பூசியோடு நின்றுவிடாமல், அதன் குருதியைக் கால்நடை மருத்துவரிடம் சோதித்து, அவர் கூறும் புழுத்தடுப்பு மருந்தைத் தவறாது தர வேண்டும். குரும்பப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே நமக்கு அருகில் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுவதும், வீட்டோரச் சாக்கடையைத் தேங்கவிடாமல் காப்பதும் நம் கையில் உள்ளவை. கொம்யூன் பஞ்சாயத்துகள் தடுப்பூசி முகாம்களிலேயே குருதிச் சோதனையையும் சேர்த்து நடத்தலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வீடுதோறும் சென்று இதனை எடுத்துரைக்கலாம்; ஊர்ப் பெரியோர் முன்நின்றால் மக்கள் செவிசாய்ப்பர்.

நம் வாசலை இரவெல்லாம் நாய் காக்கிறது. அதன் நலத்தை நாம் காத்தால், நம் நலமும் அதனோடு காக்கப்படும்.