பீகாரைப் பார்த்துச் சிரிச்சது போதும், அந்த ஊர்ப் பொண்ணுங்க ஆடுற ஆட்டத்தைப் பாருங்க

நண்பர்களே, ஒரு கேள்வி. 2025 ஜூன் மாசம் மும்பை அந்தேரியில ஒரு லீக்கோட இறுதிப்போட்டி நடந்துச்சு. சென்னை அணி டெல்லியை 41–0ன்னு அடிச்சுச் சாம்பியன் ஆச்சு. என்ன ஆட்டம்னு தெரியுமா? கிரிக்கெட் இல்ல, கபடியும் இல்ல. ரக்பி. ரக்பி பிரீமியர் லீக்கோட முதல் சீசன், கோப்பையைத் தூக்கினது சென்னை புல்ஸ்.

தெரியலைன்னா பரவாயில்ல, ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. நான் பேச வந்தது வேற. அந்த சீசன்ல ஆறு அணி ஆடுச்சு. ஆறுமே ஆண்கள் அணி.

பெண்கள் ரக்பி ஆடுறதில்லையோன்னு நினைச்சுடாதீங்க. இந்தியப் பெண்கள் பதினைந்து பேர் கொண்ட முழு ரக்பியில முதல் சர்வதேசப் போட்டியை ஆடியது 2018ல். அடுத்த வருஷமே, 2019ல், மணிலாவில சிங்கப்பூரை 21–19ன்னு ஜெயிச்சாங்க. ஆட்டம் முடியப்போற நேரத்துல ஒடிசாவைச் சேர்ந்த சுமித்ரா நாயக் அடிச்ச பெனால்டி கிக்தான் அந்த வெற்றியைக் கொடுத்துச்சு. உள்நாட்டுல பெண்களுக்குத் தேசிய சாம்பியன்ஷிப் நடக்குது, தேசிய விளையாட்டுப் போட்டியிலும் பெண்கள் ரக்பி இருக்கு. 2022ல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது ஒடிசாப் பெண்கள். புவனேஸ்வரத்துல பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற கலிங்கா நிறுவனம் அந்த மாநிலத்து ரக்பிக்கு நாற்றங்கால் மாதிரி.

அடுத்த பெயர்தான் நம்ம பக்கத்துல பல பேருக்குக் கசக்கும். பீகார்.

நம்ம மீம் பேஜ்களை எடுத்துப் பாருங்க. பீகார்னா சிரிப்பு, பீகார்னா ரயில் கூட்டம், பீகார்னா பானிபூரி. ஐ.டி. விங்ல உட்கார்ந்து இதைச் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. பாட்னா மாவட்டத்துல பார்ங்கிற ஊர்ப்பக்கம் பிறந்த ஸ்வீட்டி குமாரி ஓட்டப்பந்தயத்துல இருந்து ரக்பிக்கு வந்தவர். ஆசியாவிலேயே வேகமான வீராங்கனைன்னு ஆசிய ரக்பி அமைப்பே அவரைச் சொல்லுச்சு. 2019ல் உலக அளவுல சிறந்த இளம் வீராங்கனைன்னு 'ஸ்க்ரம்க்வீன்ஸ்' தளம் அவரைத் தேர்ந்தெடுத்துச்சு. நாளந்தா மாவட்டத்து ஸ்வேதா ஷாஹி யூடியூப் வீடியோ பார்த்து ரக்பி கத்துக்கிட்டவர். விவசாயக் குடும்பம். இன்னைக்கு பீகார் காவல்துறையில சப்-இன்ஸ்பெக்டர். 'மெடல் கொண்டு வா, வேலை வாங்கிக்கோ'ன்னு அந்த அரசு ஒரு திட்டமே வச்சிருக்கு. 2025 ஆகஸ்ட்டுல 20 வயதுக்குட்பட்டோர் ஆசிய செவன்ஸ் போட்டி நடந்தது சென்னையிலோ பெங்களூரிலோ இல்ல, அதே நாளந்தா மாவட்டத்து ராஜ்கிர்ல. இந்தியப் பெண்கள் வெண்கலம் வாங்கினாங்க.

பெண் கல்வியில நாம எங்கே, அவங்க எங்கேன்னு புள்ளிவிவரம் போட்டு மார்தட்டுறோம், சரிதான். ஆனா ஒரு கிராமத்துப் பொண்ணு பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடினா அவ கையில அரசு வேலை வரைக்கும் கொடுக்கிற ஒரு பாதையை அவங்க போட்டிருக்காங்களே, அதைப் பார்த்துக் கத்துக்கிறதுல நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

தமிழ்நாட்டிலும் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. வாசல் இருக்கு. செஞ்சியிலிருந்து அந்த வாசல் வரைக்கும் ரோடு இல்ல, அதுதான் பிரச்சினை. தேசியப் போட்டின்னா என்னன்னு நினைக்கிறீங்க? டெல்லியிலேயோ புனேயிலேயோ நடக்கிற நாலு நாள் திருவிழா இல்ல அது. அந்த நாலு நாளுக்குள்ள ஒரு பொண்ணு போய் நிக்கணும்னா முதல்ல பள்ளியில பந்து இருக்கணும், அப்புறம் மாவட்ட அணி, அப்புறம் மாநிலத் தேர்வு. விழுப்புரம் மாவட்டத்துல அந்த முதல் படியே இல்லைன்னா, மேல எத்தனை கோப்பை வச்சாலும் அது சென்னைப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான்.

நியூசிலாந்து சின்ன நாடு, மொத்த மக்கள்தொகையே சென்னையை விடக் குறைவு. அங்க மாகாணங்களுக்கு இடையில பெண்கள் ரக்பிப் போட்டி 1999லிருந்து நடக்குது. மூணு உலகக்கோப்பை ஜெயிச்சுக் கொடுத்த கேப்டன் ஃபரா பால்மர் பெயரை 2016ல் அந்தக் கோப்பைக்கே வச்சுட்டாங்க. 2025 பெண்கள் உலகக்கோப்பை இறுதிப்போட்டியை லண்டன்ல 81,885 பேர் நேரில் பார்த்தாங்க. கனடா அணி அந்த இறுதிக்கு வந்தது பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டி. உலகம் அங்க நிக்குது.

சரி, ஆட்டம் தெரியாதவங்களுக்கு. பந்தைக் கையில் வச்சுக்கிட்டு எதிரணிக் கோட்டைத் தாண்டி ஓடித் தரையில வைக்கணும், அதுக்கு 5 புள்ளி. கையால பாஸ் பண்ணினா முன்னாடி போகக்கூடாது. பந்தோட வர்றவங்களைப் பிடிச்சுக் கீழே சாய்க்கலாம். செவன்ஸ்னா பக்கத்துக்கு ஏழு பேர், மொத்தம் 14 நிமிஷம், ஒலிம்பிக்ல 2016லிருந்து இருக்கிறது இதுதான். ரைடரைக் கணுக்காலோடு பிடிச்சு இழுக்கத் தெரிஞ்ச நம்ம கபடிப் பொண்ணுக்கு இதுல பாதி ஏற்கெனவே தெரியும்.

"அடி படுமே தம்பி"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. படும். அதனாலதான் தோளுக்கு மேல பிடிச்சா தப்புன்னு விதி, தலையில அடிபட்ட சந்தேகம் வந்தாலே வெளிய அனுப்பணும்னு விதி. பயிற்சியாளர் இல்லாம மோதல் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாதுன்னு நானும் சொல்றேன். ஆனா தொடக்கத்துக்கு டேக் ரக்பி இருக்கு: இடுப்பில ரிப்பன் தொங்கும், அதைப் பிடுங்கினா டேக்கிள் கணக்கு, யாரும் யாரையும் தள்ளத் தேவையில்ல. பாதி கிரவுண்டு போதும். காய்ஞ்ச கட்டாந்தரையில கபடி ஆடி முட்டி தேய்ஞ்சு வர்ற பொண்ணைப் பார்த்து இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லைங்கிறதையும் சொல்லிக்கிறேன்.

நம்ம ஊருக்கு வர்றேன். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல செஞ்சிக் கோட்டை சேர்ந்துச்சு. மராத்தியர் காலத்து 12 கோட்டைகள், அதுல 11 மகாராஷ்டிராவுல, மீதி ஒண்ணு நம்மளோடது. எல்லாரும் ராஜகிரி போட்டோவை ஸ்டேட்டஸ் வச்சோம். சந்தோஷம். கோட்டையைச் சுற்றி 100 மீட்டருக்குத் தொல்லியல் சட்டப்படி எதுவும் கட்ட முடியாது, அதுக்கப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். அதுவும் சரிதான், கோட்டை முக்கியம். அப்போ பிள்ளைங்க ஓடுறதுக்கு ஊருக்கு வெளிய ஒரு புல் தரையை யார் பார்த்து வைக்கிறது?

தரை மட்டும் போதாது. இதை ஆம்பளைங்க யோசிக்கிறதே இல்ல. கிரவுண்டுக்குப் பக்கத்துல கதவு மூடுற ஒரு டாய்லெட் வேணும். உடை மாத்த ஒரு அறை வேணும். பள்ளி விட்டு பயிற்சி முடிய ஆறரை ஆகும்னா, மேல்மலையனூர் பக்கத்துக் கிராமத்துக்குப் போற பொண்ணுக்கு அந்த நேரத்துல டவுன் பஸ் இருக்கணும். பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான், பஸ் வந்தாத்தானே ஏற முடியும்? இருட்டின பிறகு ஸ்டாப்புல நிக்க வச்சா, மறுநாள் அந்தப் பொண்ணை வீட்டுல அனுப்ப மாட்டாங்க. அனுப்பாத அப்பா அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. இதோட, பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கிற பழக்கமும் ஒழியணும்.

இனி நம்ம கட்சிக்காரங்களுக்கு, வெளிப்படையாவே. தலைவர் பிறந்தநாளுக்கு ஒன்றியத்துக்கு ஒன்றியம் கோப்பை வைக்கிறோம். பசங்களுக்கு கிரிக்கெட், வாலிபால், மின்னொளிக் கபடி. பெண்களுக்கு? கோலப் போட்டி, மியூசிக்கல் சேர். பரிசு எவர்சில்வர் குடம். எல்லாக் கட்சியும் இப்படித்தான், நாமளும் இப்படித்தான். கோலத்தை நான் மட்டமாச் சொல்லல, ஆனா பதினாறு வயசுப் பொண்ணு அதை மட்டும்தான் ஜெயிக்கணுமா?

ஒன்றியச் செயலாளர் அண்ணன்களே, அடுத்த பிறந்தநாளுக்கு ரெண்டு பெரிய ஃபிளெக்ஸைக் குறைங்க. அந்தக் காசுல நாலு ரக்பி பந்தும் ரிப்பன் பெல்ட்டும் வாங்கிச் செஞ்சி வட்டாரப் பள்ளிகளுக்குக் கொடுங்க. பெண்களுக்கு டேக் ரக்பி ஏழு பேர் ஆட்டம் ஒண்ணு நடத்துங்க. மாநில ரக்பி சங்கத்துல கேட்டு ஒரு பயிற்சியாளரை ரெண்டு நாள் அழைச்சுட்டு வரலாம். மேடையில பேச வேண்டியவங்க பேசிக்கோங்க, ஆட்டம் முடிஞ்ச பிறகு.

படிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த கிராம சபையில உங்க ஊராட்சி விளையாட்டு இடம், டாய்லெட், சாயங்கால பஸ் மூணையும் தீர்மானமா எழுதச் சொல்லுங்க. எழுத மறுத்தா திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனுவாக் கொடுங்க. மனு எழுதத் தெரியலைன்னா இன்பாக்ஸ்ல வாங்க, நாங்க டைப் பண்ணித் தர்றோம். உங்க ஊர்ப் பள்ளி மைதானம் இன்னைக்கு எப்படி இருக்குன்னு ஒரு போட்டோவைக் கமெண்ட்ல போடுங்க, ஊர் பெயரோட.

— தகவல் தொழில்நுட்பப் பிரிவு, செஞ்சி