மைதானத்திற்கும் மூச்சு வேண்டும்

காலை மணி அடித்ததும் வகுப்புவாரியாக நாம் வந்து நிற்கிறோமே, அந்த மைதானத்தைப் பற்றித்தான் எழுத முனைந்துள்ளோம். அதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அதன்மேல் சிமெண்டுக் கற்கள் பதித்துவிடலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது நினைவிருக்கும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி, வெள்ளைக் காலுறையெல்லாம் செம்மண் நிறம் என்பது தாய்மார்களின் முறையீடு. நியாயமான முறையீடுதான், துவைப்பவர்கள் அவர்கள் அல்லவா! நோய் உண்மை, மருந்துதான் தவறு என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

புதுவை நகரத்தின் இயற்கையான தரை கடலோர மணல். எங்கள் மைதானத்தில் இருப்பதோ மேட்டை நிரப்ப வண்டியில் வந்த செம்மண். அதைக் கொட்டி, ரோலர் உருட்டிச் சமன் செய்தார்கள். அதன்பின் ஆண்டுதோறும் விளையாட்டு விழாவுக்கு மீண்டும் ரோலர். நாள்தோறும் நூற்றுக்கணக்கான காலணிகள். மாலையில் வேப்பமரத்தடியில் வரிசையாக ஸ்கூட்டர்கள். பாவம், மண் என்ன செய்யும்? இறுகிப் போயிற்று.

நல்ல மண்ணில் ஏறத்தாழப் பாதிதான் மண். மறுபாதி வெறும் இடைவெளி. அந்த இடைவெளியில் நீரும் காற்றும் தங்குகின்றன. மிதிக்க மிதிக்க முதலில் நசுங்குவது பெரிய துளைகளே. பிறகு மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிச் சேறாகிறது. காய்ந்ததும் மேல்பரப்பு பொடிந்து புழுதியாகிறது. ஆக, சேறும் புழுதியும் இரு வேறு நோய்களல்ல. வேருக்கும் பிராணவாயு வேண்டும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு அந்த வேரின் தலைமேலேயே நின்றுகொண்டிருக்கிறோம்!

இருபுறமும் திறந்த ஒரு பால்மாவு டப்பாவை மேடைக்கு முன்னே தரையில் பதித்துத் தண்ணீர் ஊற்றினோம். அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தபோதும் நீர் அப்படியே நின்றது. யாரும் நடக்காத மதிலோரத்து அருகம்புல்லில் அதே டப்பா பதித்தபோது, நாங்கள் நோட்டில் தேதி எழுதி முடிப்பதற்குள் நீரைக் காணோம். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இதற்கு மருந்து உண்டு. உழுது புரட்டக்கூட வேண்டாம். கிரிக்கெட் மைதானங்களிலும் கோல்ஃப் புல்வெளிகளிலும் இயந்திரத்தால் மண்ணைச் சிறு சிறு உருளைகளாகத் தோண்டி எடுக்கிறார்கள். விரல் பருமன், மூன்று அங்குல ஆழம், சில அங்குல இடைவெளி. எங்களிடம் இயந்திரம் ஏது? முதலில் கடப்பாரையால் குத்தினோம். அது மண்ணை வெளியே எடுப்பதில்லை. பக்கவாட்டில் நெருக்கி இன்னும் இறுக்கிவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. தோட்டக்காரத் தாத்தா பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டி, முனையை அரத்தால் கூராக்கித் தந்தார். ஆவணி மாதத்தில் ஒரு மாலை மழைக்கு மறுநாள், மண் ஈரமாக, ஆனால் சொதசொதப்பில்லாமல் இருந்தபோது, ஒரு சதுரத்தில் அதை இறக்கி இழுத்தோம். முறுக்குப் போல மண் உருளைகள் வந்தன. கைகளில் கொப்புளமும் வந்தது. உருளைகளை அங்கேயே காயவிட்டு உதிர்த்து, மட்கிய இலை எருவும் மணலும் தூவி, சுற்றிலும் கயிறு கட்டினோம். ஐப்பசி மழை முடிவதற்குள் அருகு ஓடிப் பரவியது. மண்புழுக்களும் வந்துவிட்டன. இந்த எளிய உயிர்கள் மண்ணைக் குடைந்து புரட்டும் பணியைப் பற்றி டார்வின் 1881இல் ஒரு முழு நூலே எழுதினார். கூலி கேட்காத வேலையாட்கள் அல்லவா!

இப்படித் துளை போட்டால் வெள்ளமே வராது என்று நாங்கள் பெருமையடிக்கவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்த மழையை எந்தப் புல்தரையும் குடித்திருக்காது. சாதாரண மழைக்குத்தான் இந்தப் பேச்சு. கடலோர ஊரில் நன்னீர் கீழிறங்காவிட்டால் உப்புநீர் உள்ளே ஏறும் என்பதை நம் ஊர்க் கிணற்றுக்காரர்கள் அறிவார்கள். நகருக்கு வடக்கே ஆரோவில் மேட்டைப் பாருங்கள். 1968இல் அந்நகரம் தொடங்கியபோது செம்மண் தரை கட்டாந்தரையாகக் கிடந்தது; மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. வரப்புக் கட்டி மரம் வைத்த பிறகு இன்று அங்கே காடு நிற்கிறது.

கட்டாந்தரை எங்குமே கூடாது என்பதும் எங்கள் வாதமல்ல. பெத்தாங் ஆடும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இறுகிய தரைதான் வேண்டும். அவர்கள் குண்டு புல்லில் உருளாது. மேடைக்கும் வாயிலுக்கும் இடையே நடைபாதைக்குக் கல் பதிக்கட்டும். மற்ற இடத்தை மூடினால், மேல் இரண்டடி மண்ணில் உணவு தேடும் வேப்பமர வேர்களின் கதி என்ன? நிழல் போனபின் மதிய உணவுக்கு எங்கே உட்காருவது?

மரியாதைக்குரிய சகோதரிகளிடம் நாங்கள் வேண்டுவது இதுதான். கற்களுக்கான முடிவை ஓர் ஆண்டு தள்ளி வையுங்கள். அடுத்த ஆவணியில் மைதானத்தின் கால் பகுதியை எங்களிடம் விடுங்கள்; அந்த வாரங்களில் அணிவகுப்பை முன்முற்றத்தில் நடத்தலாம். பெற்றோர்களே, ஸ்கூட்டரைத் தயைகூர்ந்து மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். ஆண்டு விழாவுக்கு வரும்போது கயிறு கட்டிய அந்தச் சதுரத்தைக் குறுக்கே மிதிக்காமல் சுற்றி வாருங்கள். வேண்டுமானால் குனிந்து ஒரு விரலை மண்ணில் ஊன்றிப் பாருங்கள். பிறகு மேடைக்கு முன்னும் அதையே செய்து பாருங்கள்.