கன்னம் சரியாகப் பதிந்தால்தான் குறி தப்பாது... ரைஃபிளில் ஒரு சின்னப் பலகை செய்யும் பெரிய வேலை!

2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்த ஷாத்தரூ நகரம். ஆண்கள் 50 மீட்டர் ரைஃபிள் த்ரீ பொசிஷன் இறுதிச்சுற்றில் 451.4 புள்ளிகள் எடுத்து வெண்கலம் வென்றார் ஸ்வப்னில் குசாலே. மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

முழங்காலிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளில் சுட வேண்டிய போட்டி இது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும்போது வீரர்கள் அவசர அவசரமாக ரைஃபிளில் எதையோ திருகுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அப்படி மாற்றப்படும் பாகங்களில் ஒன்றுதான் 'சீக் பீஸ்'. சுடும்போது கன்னத்தை வைத்துக்கொள்ளும் பலகை. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

கன்னத்துக்கு எதற்குப் பலகை?

ரைஃபிளைத் தோளில் அணைத்துப் பிடிக்கும் பின்பகுதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். அதன் மேல்விளிம்பில் கன்னம் பதியும் இடத்தில்தான் இந்தப் பலகை இருக்கும். பார்த்தால் தலையணை மாதிரி, சொகுசுக்காக வைத்தது போலத் தெரியும். உண்மையில் இதன் வேலை, கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துவது.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் டெலஸ்கோப் கிடையாது. கண்ணுக்குப் பக்கத்தில் சிறிய துளையுள்ள பின்சைட், குழலின் நுனியில் வளையம் வைத்த முன்சைட், அதற்கப்பால் கறுப்பு வட்டம். இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். பின்சைட்டும் முன்சைட்டும் இரும்போடு இறுக்கப்பட்டவை, அசையாது. அசையக்கூடியது கண் மட்டும்தான். அதைப் பிடித்து நிறுத்த ரைஃபிளில் இருக்கும் ஒரே பாகம் கன்னப் பலகை.

0.2 மில்லிமீட்டர் = ஒரு புள்ளி!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளிக்கான நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. சுடப்படும் பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 80 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். கண் விலகியதால் முன்சைட், பின்சைட்டின் மையத்திலிருந்து 0.2 மி.மீ. தள்ளிப்போனால் என்ன ஆகும்? 10 மீட்டர் தாண்டிப் போகும்போது அது 2.5 மி.மீ. விலகலாகிவிடும்.

இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சரியாக அதே 2.5 மி.மீ.தான். அதாவது, 10.9 விழ வேண்டிய ஷாட் 9.9 ஆகிவிடும். தசமப் புள்ளிகளில் பதக்கம் முடிவாகும் விளையாட்டில் ஒரு முழுப் புள்ளி என்பது எவ்வளவு பெரிய இழப்பு!

'இவனுக்குக் கவனமே இல்லை' என்பதற்கு முன்...

கிளப்புகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பொது ரைஃபிள்தான் கிடைக்கும். காலையில் 30 வயதுக்காரர் சுட்டுவிட்டு வைத்த அதே ரைஃபிளை மாலையில் 13 வயதுப் பிள்ளை எடுக்கும். முகத்தின் அளவு வேறு, கழுத்தின் நீளம் வேறு, தோளின் உயரம் வேறு. பலகை மட்டும் அதே இடத்தில்!

பலகை தாழ்வாக இருந்தால் கன்னம் பதியாது. தலையைக் கழுத்துத் தசைதான் தூக்கிப் பிடிக்க வேண்டும். பத்து ஷாட் தாங்கும். தகுதிச்சுற்றில் 60 ஷாட் சுட வேண்டுமே! முப்பதைத் தாண்டும்போது கழுத்து வலிக்கும், தலை மெல்லச் சரியும், குண்டு சிதறும். பலகை உயரமாக இருந்தால், சைட்டைப் பார்க்க முகத்தை அழுத்தி இறக்க வேண்டியிருக்கும். தாடை இறுகும், ட்ரிகரை அழுத்தும் நேரத்தில் ரைஃபிள் துள்ளும்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? 'முதல்ல நல்லாத்தான் சுடுறான், போகப் போகக் கவனம் சிதறிடுது.' சிலர் இன்னும் விலை கூடிய ரைஃபிள் வாங்கிக் கொடுக்க யோசிப்பார்கள். சிலர் 'உனக்கு இது சரிப்பட்டு வராது' என்று விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள். இந்த இரண்டு முடிவுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, இரண்டு திருகாணிகளால் நிற்கும் இந்தப் பலகையை.

கண்ணை மூடி ஒரு சோதனை

பலகை சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பயிற்சியாளர் முன்னிலையில், ரேஞ்சில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ரைஃபிளில் பெல்லட் இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

1. முதலில் பட் பிளேட்டைச் சரிசெய்ய வேண்டும். தோளில் பதியும் பாகம் அதுதான். அது மாறினால் கன்னம் விழும் இடமும் மாறும் என்பதால், பலகை எப்போதும் இரண்டாவதுதான்.

2. போட்டியில் போடும் ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு, வழக்கமான நிலையில் நிற்க வேண்டும். ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, தலையின் எடையைக் கன்னம் வழியே பலகையில் இறக்க வேண்டும். கழுத்தில் இறுக்கமே இருக்கக் கூடாது.

3. இரண்டு மூன்று மூச்சு விட்டபிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பின்சைட்டின் துளைக்குள் முன்சைட் நடுவில், சுற்றிலும் சமமான வெளிச்ச வளையத்தோடு தெரிந்தால் பலகை சரி.

4. முன்சைட் எந்தப் பக்கம் ஒதுங்கித் தெரிகிறதோ, கண் அந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பொருள். கீழே ஒட்டித் தெரிந்தால் கண் தாழ்வு. பலகையை உயர்த்த வேண்டும். மேலே ஒட்டித் தெரிந்தால் இறக்க வேண்டும். இடம் வலமும் அப்படித்தான்.

5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதுவும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான். மாற்றிய பிறகு திருகை இறுக்கி, மறுபடி கண்ணை மூடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

கண்ணைத் திறந்துகொண்டே சரிசெய்தால் ஏன் ஆகாது? கண் புத்திசாலி. சைட் எங்கே இருக்கிறதோ அங்கே தலையைத் தானாகவே நகர்த்திக்கொள்ளும். அப்புறம் தவறு எதுவும் தெரியாது.

பிளாஸ்டிக் ஸ்டாக்கில் என்ன செய்வது?

போட்டிக்கான ரைஃபிள்களில் பலகை ஏறி இறங்கும் வசதியோடுதான் வரும். பொதுப் பயன்பாட்டுக்கான பல ரைஃபிள்களில் அந்த வசதி இருக்காது. குறிப்பாக, நைலான் போன்ற பொருளில் கண்ணாடி இழை கலந்து அச்சில் வார்க்கப்படும் சிந்தெட்டிக் ஸ்டாக்குகள். மழைக்கு ஊறாது, வெயிலுக்கு வளையாது, விலையும் குறைவு. கன்னம் பதியும் விளிம்பு மட்டும் வார்த்தது வார்த்தபடி நிற்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஃபோம் துண்டை வைத்து மேலே பெல்ட்டால் கட்டும் உறை. ஸ்டாக்கில் துளை போட வேண்டியதில்லை. உயரம் எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிக்க முதலில் இதுவே போதும். ஆனால், ஃபோம் நாளாக நாளாக அமுங்கும். உறையும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

இரண்டாவது வழி, உலோகக் கம்பிகளின் மேல் ஏறி இறங்கும் பலகையை நிரந்தரமாகப் பொருத்துவது. இங்கேதான் கவனம் தேவை. பல சிந்தெட்டிக் ஸ்டாக்குகளின் பின்பகுதி உள்ளே வெறும் கூடு. மரத்தில் போடுவது போல மர ஸ்க்ரூவைத் திருகினால் பிடிமானம் கிடைக்காது; கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும். பாலிப்ரொப்பிலீன் மாதிரியான பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசையும் ஒட்டாது. அதனால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் போல்ட்டும், அகலமான வாஷரும் போட்டு இறுக்குவார்கள். அல்லது கம்பி இறங்கும் இடத்தில் மட்டும் உள்ளே எபாக்ஸியால் நிரப்பி, அது கெட்டியான பிறகு துளையிடுவார்கள்.

போல்ட் இழுத்துச் சுடும் ரைஃபிள் என்றால் இன்னொரு விஷயம். பின்னால் இழுக்கும்போது போல்ட் பலகையில் முட்டக் கூடாது. சுத்தம் செய்ய வெளியே எடுக்கவும் இடம் வேண்டும். இதை மறந்து பலகையை முன்னால் தள்ளிப் பொருத்திவிட்டு, ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுபவர்கள் உண்டு.

இதை வீட்டில் ட்ரில் மெஷினை வைத்துச் செய்து பார்க்கக் கூடாது. இந்தியாவில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. உரிமம் பெற்றவரிடம் கொடுத்துச் செய்வதுதான் சரி. போட்டிக்குப் போகும் ரைஃபிள் என்றால், கருவிச் சோதனையில் தேறுமா என்று பயிற்சியாளரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏர் ரைஃபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு

சாம்பியனின் பலகை அளவைப் பார்த்து அப்படியே வைத்துக்கொள்வதில் பயன் இல்லை. டோக்கியோ, பாரிஸ் என இரண்டு பாராலிம்பிக்கிலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அவனி லேகரா அமர்ந்தபடி சுடுபவர். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் நின்று சுடுபவர். உடல் நிலை மாறினால் தலை சாயும் கோணமும் மாறும். ஒருவருக்குச் சரியான உயரம் இன்னொருவருக்குக் கழுத்து வலி.

வளரும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பழைய அளவே ஒத்துவராது. செருப்பு அளவு மாறுகிற வயதில் முகமும் கழுத்தும் மாறாமலா இருக்கும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்மூடிச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. பொது ரைஃபிளில் பயிற்சி எடுப்பவர்கள், தங்கள் அளவை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பட் பிளேட் இத்தனை, பலகை உயரம் இத்தனை, பக்கவாட்டில் இத்தனை. ரைஃபிளைக் கையில் வாங்கியதும் முதல் ஐந்து நிமிடம் இதற்கே. பலகையை மாற்றிய பிறகு குண்டு விழும் இடமும் கொஞ்சம் மாறலாம் என்பதால், சைட்டையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குத் தேவை ஒரு ஆலன் கீ, ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை ரேஞ்சிலிருந்து வந்ததும் 'இன்னைக்கு எத்தனை ஸ்கோர்?' என்று கேட்பதோடு, 'கழுத்து வலிச்சுதா?' என்றும் கேட்டுப் பாருங்கள். வலித்தது என்றால், அடுத்த வகுப்பில் முதல் வேலை பலகையைப் பார்ப்பதுதான்!