பாசியிடம் கேட்டுப் பார்ப்போம்

சென்ற விடுமுறையில் மட்டக்குளியில் இருக்கும் சாச்சா வீட்டுக்குப் போயிருந்தோம். அஸர் தொழுதுவிட்டுக் காக்கைதீவுக் கடற்கரைப் பக்கம் நடந்தோம். கால் வைக்க முடியாதபடி கற்களில் பச்சைப் பாசி வழுவழுத்துக் கிடந்தது.

“பாருங்க மகள், இதெல்லாம் உங்கட மலையில தேயிலைக்குப் போடுற பசளைதான். ஆத்தோட வந்து இங்க பாசியாகுது” என்றார் சாச்சா. விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் கெஹெல்கமு ஓயாவும், மவுசாகலையைக் கடந்து வரும் மஸ்கெலி ஓயாவும் எங்கள் பொல்பிட்டியவுக்குப் பக்கத்தில்தான் கூடிக் களனி கங்கையாகின்றன. தோட்டத்தில் போடும் யூரியாவில் 46 வீதம் நைதரசன். தேயிலைச் செடி எடுத்தது போக மிஞ்சியதை எங்கள் ஊர் மழை சும்மா விடாது. லயன்களின் மலசலகூடங்கள் சில, ஓடையைப் பார்த்தே கட்டப்பட்டிருப்பதையும் நான் மறைக்கவில்லை.

ஆனால் ஆறு அதற்குப் பிறகும் அவிசாவளை, பியகம என்று எத்தனையோ ஊர்களையும் தொழிற்சாலைகளையும் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது. போதாக்குறைக்கு, கொழும்பின் கழிவுநீரைக் கடலுக்குள் விடும் இரண்டு பெருங்குழாய்களில் ஒன்று இருப்பது சாச்சா வீட்டுக்குக் கிட்ட, முகத்துவாரத்தில். மற்றது வெள்ளவத்தையில். அப்படியானால் அந்தப் பாசி யாருடைய நைதரசனைத் தின்று வளர்ந்தது?

இதற்கு விடை பாசியிடமே இருக்கிறது என்று படித்தபோது வியந்துபோனேன். நைதரசன் அணுக்களில் பெரும்பாலானவை 14 என்ற திணிவெண் கொண்டவை. ஆயிரத்தில் நான்குக்கும் குறைவானவை சற்றே கனமான 15. இவை இரண்டும் நைதரசனின் சமதானிகள். யூரியாவைத் தொழிற்சாலையில் காற்றிலிருந்து செய்கிறார்கள். ஆகவே அதில் இந்த விகிதம் காற்றில் உள்ளதைப் போலவே இருக்கும். மனிதக் கழிவில் கதை வேறு. அங்கே அமோனியா ஆவியாகும்போது இலேசான அணுக்கள் முந்திப் பறந்துவிடுகின்றன. பற்றீரியாக்களும் இலேசானதையே விரும்பி எடுக்கின்றன. மிஞ்சுவதில் கனமானவற்றின் பங்கு கூடுகிறது. பாசி எதைக் குடித்ததோ அதன் விகிதம் அதன் உடம்பில் பதிந்துவிடுகிறது.

போத்தலில் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். அது நைத்திரேற்று எவ்வளவு என்று சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதுவும் அந்த நிமிடத்துக் கணக்கு. அடுத்த மழையோடு மாறிவிடும். பாசி சில நாட்களின், சில வாரங்களின் கணக்கை வைத்திருக்கிறது. சிப்பியின் சதையில் மாதக்கணக்கான பதிவு இருக்கும்.

அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு அருகில் மோர்ட்டன் விரிகுடாவில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு வகைச் சிவப்புப் பாசியைத் துளையிட்ட சாடிகளில் போட்டு, கடலில் பல இடங்களில் நான்கு நாட்கள் தொங்கவிட்டார்கள். பிறகு அவற்றைச் சோதித்து, நகரக் கழிவுநீர் எதுவரை பரவுகிறது என்று வரைபடமே வரைந்துவிட்டார்கள். அந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது.

வெள்ளவத்தையிலிருந்து நீர்கொழும்பு வரை இப்படிச் சாடிகளைத் தொங்கவிட வேண்டும், மழைக்காலத்தில் ஒருமுறையும் வெயிற்காலத்தில் ஒருமுறையும், என்பதே என் கருத்து. இது எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் தெரியும். மாட்டெருவும் மனிதக் கழிவும் இதில் ஏறத்தாழ ஒன்று போலவே தெரியும். வழியில் பற்றீரியாக்கள் தின்றால் யூரியாவும் வேடம் மாறும். ஆகவே மற்றச் சோதனைகளும் வேண்டும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவதை விட இது மேல்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு எப்படியிருக்கும் என்று நாங்கள் பார்த்துவிட்டோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். ஆண்டு முடிவதற்குள் தடையை நீக்கிவிட்டார்கள், ஆனால் செடிக்குப் பட்ட அடி ஆறவில்லை. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 250 மில்லியனுக்கு இறங்கியது. கொழுந்து இல்லாமல் அரைப் பேரோடு வீடு திரும்பிய அக்காமார் வாப்பாவின் கடைக்குத்தான் வந்தார்கள். அந்த ஆண்டின் கடன் கொப்பியில் இன்னும் வெட்டப்படாத பெயர்கள் உண்டு. இத்தனைக்கும், நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாக்குவோம் என்று 2019இல் கொழும்புப் பிரகடனம் செய்ததும் இந்த நாட்டில்தான். எங்கே விரயமாகிறது என்று தெரியாமல் எதைப் பாதியாக்குவது?

நீர்நிலைகளில் மலசலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஓதப் போன காலத்திலேயே படித்தோம். ஒரு நகரமே குழாய் வைத்து அதைச் செய்யும்போது யாருக்கும் அந்த ஹதீஸ் நினைவுக்கு வருவதில்லை. மலையில் போடும் பசளைதான் நினைவுக்கு வருகிறது.

போன வாரம் சாச்சாவுக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்ப அந்தச் சாடியில ஒண்ட முகத்துவாரத்துக் குழாயடியிலயும் கட்டச் சொல்லுங்க மகள்” என்றார்.