கிண்ணம் எங்கே போனது?

என் தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் காற்பந்துக் குழு. பதினொரு பேரில் காலணி அணிந்திருப்பவர்கள் நான்கு பேர்தான். நடுவில் பெரிய கிராணி, அவர் கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம். பின்வரிசை ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் கோல் காவலர்தான் என் தாத்தா.

"இந்தக் கிண்ணம் இப்ப எங்க தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆபீஸ்லதான்மா வச்சிருந்தாங்க. தோட்டத்த வித்தப்ப ஆபீஸும் போச்சு. கிண்ணம் எங்க போச்சுன்னு அப்ப யாரு கேட்டா?"

2025 ஜூன் மாதம் அந்தப் பதில் மீண்டும் நினைவுக்கு வந்தது. அடுத்த பருவச் சூப்பர் லீக்கில் கலந்துகொள்ளப் போவதில்லை என்று பேராக் எஃப்.சி. அறிவித்த மாதம் அது. 1921இல் தொடங்கிய பாரம்பரியம் பேராக் காற்பந்துக்கு உண்டு. 1926 முதல் 2018 வரை எட்டு முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற மாநிலம் இது. 2018இல் திரங்கானுவைப் பெனால்டியில் வீழ்த்திய இரவு, ஈப்போவில் எங்கள் தாமான் முழுவதும் தூங்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2021இல், அதே அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதன் பிறகும் நான்கு ஆண்டுகள்தான் நிலைத்தது.

நான் கணக்கியல் படிக்கும் மாணவி. ஒரு நிறுவனம் மூடப்பட்டால், "இதன் உரிமையாளர் யார்?" என்றுதான் முதலில் கேட்கக் கற்றிருக்கிறோம். காற்பந்து கிளப்புகளைப் பற்றியும் நாம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. குறிப்பாக, நம் சமூகத்தின் பெயரைத் தாங்கி வளர்ந்த ஒரு கிளப்பின் கதையைப் படிக்கும்போது.

மிஃபா என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. மலேசிய இந்திய விளையாட்டு மன்றத்தின் பெயரையும் சேர்த்து, எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா என்று ஓர் அணி நாட்டின் மூன்றாம் பிரிவான எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடியது. மூன்றாம் பிரிவு ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வருவது அரிது. திடலில் கூட்டமும் குறைவு. அங்கிருந்து ஏறி, 2017இல் அந்த அணி பிரீமியர் லீக்கிற்கு வந்தது. 2019இல் பி.ஜே. சிட்டி என்ற புதிய பெயரில் சூப்பர் லீக்கில் கால் பதித்தது. மூன்றாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு இத்தனை குறுகிய காலத்தில் ஏறுவது சாதாரணம் அல்ல. கடைசிப் பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க உள்நாட்டு இளைஞர்களை நம்பியே அது களமிறங்கியது. 2022 பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அந்த அணி களத்தில் தோற்று வெளியேறவில்லை. நிர்வாகம் எடுத்த ஒரு முடிவால் வெளியேறியது.

ஈப்போவிலும் இதுபோன்ற ஒரு கதை உண்டு. பேராக் மாநில மேம்பாட்டுக் கழகத்தின் பெயரில் இயங்கிய பி.கே.என்.பி. அணியும் 2017இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்கள் சூப்பர் லீக்கிலும் இருந்தது. பிறகு தரமிறங்கி, 2020இல் பேராக் அணியின் இரண்டாம் நிலை அணியாக மாற்றப்பட்டது. இன்று அந்தப் பெயரில் ஜெர்சி அணிந்து போகிறவர் யாரையும் ஈப்போ கடைத்தெருவில் பார்க்க முடியாது.

இப்போது தாத்தாவின் குழுவுக்கு வருகிறேன். திடல் தோட்டத்துடையது. புல் வெட்ட ஆள் அனுப்பியது நிர்வாகம். பக்கத்துத் தோட்டத்துக்கு ஆடப் போக லோரி கொடுத்தது நிர்வாகம். ஜெர்சியும் பந்தும் ஆபீஸ் அலமாரியில் இருந்தன. விடியற்காலையில் பால்மரம் வெட்டிவிட்டு மாலையில் பந்து உதைத்தவர்களுக்கு ஆட்டம் சொந்தமாக இருந்தது, குழு சொந்தமாக இல்லை. உறுப்பினர் பதிவேடு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கூட்டக் குறிப்பு இல்லை. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறியபோது குழுவும் மறைந்தது. அதைக் கலைக்க ஒரு கூட்டம்கூடத் தேவைப்படவில்லை.

தோட்டத்துக் குழுவையும் சூப்பர் லீக் கிளப்பையும் ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கலாம். பணத்தில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் இரண்டும் முடிந்த விதம் ஒன்றே. ஆடியவர்களும் கைதட்டியவர்களும் அல்லாத வேறு யாரோ முடிவெடுத்தார்கள்.

முதலாளிகளைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. தொழில்முறைக் காற்பந்துக்கு நிறையப் பணம் வேண்டும். சம்பளம், பயணம், மருத்துவம், பயிற்சித் திடல் என்று செலவு ஓயாது. பணம் போட ஒருவர் முன்வந்ததால்தான் மிஃபா அவ்வளவு உயரம் போனது. நாம் என்ன செய்தோம்? மிஃபா ஆடியபோது திடலுக்குப் போய் டிக்கெட் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானே ஓர் ஆட்டத்துக்கும் போனதில்லை. மான்செஸ்டர் ஜெர்சி மட்டும் என் அலமாரியில் இரண்டு இருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு வேறுபட்ட கதை உண்டு. 2002இல் விம்பிள்டன் கிளப்பை வேறு நகரத்துக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. வெகுண்ட ரசிகர்கள் தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். பொதுத் திடலில் தேர்வு வைத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள். ஒன்பதாம் பிரிவில் ஆரம்பித்த அந்த அணி, 2011இல் தொழில்முறை லீக்கை எட்டிவிட்டது. 2020இல் தன் பழைய வட்டாரத்திலேயே புதிய அரங்கத்துக்குத் திரும்பியது. அங்கே பெரும்பான்மை உரிமை ரசிகர்களின் அறக்கட்டளையிடம் இருக்கிறது. அவர்கள் நம்மைவிடப் பந்தை அதிகம் நேசித்தவர்கள் அல்லர். பதிவேடு வைத்திருந்தவர்கள், அவ்வளவுதான்.

நேசத்துக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. சிலந்தி மனிதன் என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் தாத்தா நிமிர்ந்து உட்காருகிறார். 2010இல் மலேசியா முதன்முறையாக ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். நம்மிடம் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், பயிற்றுநர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நிலைத்து நிற்கும் அமைப்புகளைத்தான் நாம் போதுமான அளவு உருவாக்கவில்லை.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான் திடல்களில் நம் பையன்கள் ஆடுகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெயர், ஒரு ஜெர்சி, ஒரு புலனக் குழு இருக்கிறது. பெரும்பாலும் ஓர் அண்ணன் தன் கைக்காசைப் போட்டு நடத்துகிறார். அவருக்குத் திருமணமானால், அல்லது சிங்கப்பூரில் வேலை கிடைத்தால், குழு நின்றுவிடும். தோட்டத்துத் துரையின் இடத்தில் அண்ணன் இருக்கிறார், வேறு மாற்றம் இல்லை.

1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், ஒரு விளையாட்டு கிளப்பை விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். அதற்குச் சட்டவிதிகள் எழுத வேண்டும், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். பந்து உதைக்கத் தெரியாத நமக்கும் இங்கே வேலை உண்டு. சட்டம் படிப்பவர்கள் விதிகளை எழுதித் தரலாம். என்னைப் போன்றவர்கள் கணக்கைப் பார்க்கலாம். வரலாறு படிப்பவர்கள் தாத்தாக்களின் பெட்டிகளைத் திறந்து, படங்களில் உள்ளவர்களின் பெயர்களை இப்போதே எழுதி வைக்கலாம். ஆண்டுக்குப் பத்து ரிங்கிட் சந்தா கட்டும் நூறு பேர் ஒரு கிளப்புக்குக் கிடைத்தால் தொகை ஆயிரம் ரிங்கிட்தான். ஆனால் அந்தக் கிளப்பை மூடுவதென்றால் அந்த நூறு பேரையும் கேட்டாக வேண்டும்.

எங்கள் தாமான் குழுவின் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "பாரம் எல்லாம் நீயே நிரப்புவியாம்மா?" என்று சிரித்தார். நிரப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கிளப் பதிவானதும் முதல் சந்தாவைக் கட்டப் போவது யார் என்பதும் முடிவாகிவிட்டது. தாத்தா பத்து ரிங்கிட்டை எடுத்து வைத்துவிட்டார்.